பூட்டு, கப்பல், முருங்கைக்காய்

ஜனவரி 5, ஞாயிறு

டாக்டர் உத்தரவுப்படி இன்று முதல் நாட்குறிப்பு. தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம்: எவ்வளவு நடந்தேன், சாப்பாட்டில் உப்பு எப்படி, தூக்கம் எப்படி. மூன்று வரியோடு நிறுத்துகிற கை எனக்கு இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு முகம் மாறாமல் அடுத்த வேலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

விஷயம் என்னவென்றால், மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு குழு பாளையங்கோட்டையில் எங்கள் காலனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மறதி நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய்ச்சி. ஐம்பது தாண்டியவர்கள் மட்டும் சேரலாம். எனக்கு ஐம்பத்து மூன்று. உண்மையான வயதைச் சொன்னதற்காக என்னை ஓர் இடத்தில் சேர்த்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

டாக்டர் ஹெப்சிபா காலனி மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, உடம்பு அசையாமல் இருப்பது, தலையில் அடி, காது கேளாமை, கண் மங்கல், மனச்சோர்வு, தனிமை. இதையெல்லாம் சரியான வயதில் கவனித்தால் மறதி நோயில் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கலாம், அல்லது தள்ளியாவது போடலாம் என்றார். உடனே மண்டபமே தன்னைத் தப்பிக்கிற பாதியில் சேர்த்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பரிதாபமாகப் பார்த்தது.

எனக்குக் கொதிப்பு உண்டு, எடை உண்டு, சர்க்கரை வாசல்வரை வந்து நிற்கிறது. தனிமை மட்டும் கிடையாது. நாலு பேரோடு தினமும் மனசுவிட்டுப் பேசுவது மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் புறணி என்று பழித்துவந்தது மருந்தாம். அவர் கவனிக்கவில்லை. அவருக்குக் காதில் விழவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

நடை: மண்டபம்வரை. உப்பு: வழக்கம்போல். தூக்கம்: டாக்டர் படம் காட்டும்போது கொஞ்சம்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று எனக்குச் சோதனை. கொதிப்பு, சர்க்கரை, காது, கண் எல்லாம் பார்த்துவிட்டு ஞாபகப் பரீட்சை. டாக்டர் ஐந்து வார்த்தை சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கடிகாரம் வரையச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி மனதைக் கலைத்துவிட்டு, அந்த ஐந்தையும் மறுபடி கேட்பார்.

பூட்டு, கப்பல், முருங்கைக்காய், ஜமுக்காளம், கிளி.

ஐந்தும் சொன்னேன். கழித்தலில் எண்பத்தாறோடு உறவு முறிந்தது. அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வெளியே வந்தால், வரிசையில் நின்ற காலனி ஜனம் முழுவதும் என்னைச் சூழ்ந்துகொண்டது. "என்ன கேக்காவ? என்ன கேக்காவ?" பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர் அல்லவா, பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிறவரிடம் கேள்வியைக் கேட்காமல் எங்களால் இருக்க முடியாது. நானும் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அடுத்து உள்ளே போன ராசப்பா சார் ஐந்தையும் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பார், மனைவி இடித்து நிறுத்தினாளாம்.

மாடியில் மதினிக்கும் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அக்கா, உலகம்மாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமான பிறகு மாடியில் தனியாகக் குடித்தனம். (நேரில் "வாங்க, போங்க". இந்த நோட்டில் "அவள், இவள்". இங்கேதான் எனக்குச் சுதந்திரம்.) மதினிக்கு அடுத்த வாரம் பரீட்சை. நான் வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டாள். கேள்வித்தாளை வெளியே விடுகிறவளும் கேட்கிறவளும் ஒரே குற்றவாளி என்று ஒரு பிரசங்கம். பாதியிலேயே இறங்கி வந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்குகிற நேரத்தில், குலவை போட வேண்டிய வாயைத் திறந்து மதினி கேட்டாள்: "அந்த அஞ்சும் என்னதுன்னு சொன்ன?"

உலகம்மாள் டீச்சர் காப்பி அடிக்கக் கேட்கிறாள்! வருஷத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். சொன்னேன்.

ஜனவரி 16, வியாழன்

நேற்று இரண்டு தடவை கேட்டாள். இன்று காலையில் ஒரு தடவை. டீச்சர் புத்தி, அரைகுறையாகப் படித்துக்கொண்டு போக மாட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மதினி ஐந்துக்கு ஐந்து. காலனியில் ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்துக்கு ஐந்து. இப்படியொரு ஞாபகசக்தியை எந்தப் பகுதியிலும் பார்த்ததில்லை என்று டாக்டர் ஹெப்சிபா மனம் நெகிழ்ந்து பேசினார். இங்குள்ள பழைய கல்வியின் பலமாக இருக்கலாம் என்றும் சொன்னார். நான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இவருக்குக் காதுக் கருவி வந்துவிட்டது. சோதனையில் பாதி சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்ததாம். காது சரியாகக் கேட்காவிட்டால் மூளைக்கு வேலை குறைந்து மறதிக்கு வழி விடும் என்று டாக்டர் சொன்னதால் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். மாட்டிய அரைமணியில் என்னிடம் கேட்டார்: "நீ எப்பமும் இவ்வளவா பேசுவ?"

மதினி இன்றும் அந்த ஐந்தையும் கேட்டாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே மதினி என்றேன். சும்மாதான் என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

மதினி வீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாலும் சொன்னார், மதினி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சொதியில் ஒரு கல் உப்பு கிடையாது. இஞ்சிப் பச்சடியும் கிடையாது. சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமல் திருநெல்வேலியில் ஒருவர் இலை போட்டால் சொந்தபந்தம் பிரிந்துவிடும். நாங்கள் பிரியவில்லை. இவர் மட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார், அதற்கும் நாக்குக்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

மார்ச் 13, வியாழன்

மதினி ரசம் கொடுத்தனுப்பினாள். கடல் நீர். ஞாயிற்றுக்கிழமை குறைத்ததைச் சேர்த்துப் போட்டுவிட்டாள் போல. கணக்கு டீச்சர், சராசரி சரியாக வருகிறது.

மார்ச் 28, வெள்ளி

நடை: மைதானத்தைச் சுற்றி நான்கு சுற்று. ராசப்பா சார் மகள் விவகாரம் முழுவதும் பேசி முடிக்க அவ்வளவு தேவைப்பட்டது.

மதினி இப்போது என்னோடுதான் நடக்க வருகிறாள். தனியாகப் போவதில்லை. தெரு திரும்புகிற இடத்தில் நின்று, நான் முன்னால் போகும்வரை காத்திருந்து பின்னால் வருகிறாள். தம்பி பெண்டாட்டிக்கு இந்த வயதிலாவது மரியாதை கொடுக்கத் தோன்றியதே.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. கனி பார்த்தோம். மதினிக்கு நான் வாங்கிக் கொடுத்திருந்த எண் புதிர்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கமும் போடவில்லை. "அச்சுப் பிழையா இருக்கு, கணக்கு சரியா வரல" என்றாள். நான் போட்டுப் பார்த்தேன். எனக்கே வந்தது.

ஒருவேளை கண்ணாடியை மாற்ற வேண்டுமாக இருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதினி மகள் அபிராமி ஓசூரிலிருந்து பேசினாள். அம்மா ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறாள், நீங்கள் பார்த்தீர்களா அத்தை என்றாள். உனக்கு இரண்டு தடவையா, எனக்கு நான்கு தடவை, நீ கொடுத்து வைத்தவள் என்று சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் மாடியைப் பூட்டிவிட்டு அம்மாவை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன், தனியாக விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை என்றாள். நல்ல பிள்ளைதான். வேலைக்குப் போகிறவள், அவள் பயம் அவளுக்கு.

இதை மதினியிடம் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. மதினி கொடியில் காய்ந்த சேலையை எடுத்து மடித்தாள். பிறகு சொன்னாள்: "ஒம்பதாவது மாடி, பிரமு. ஒரு மாசம் இருந்தேன்லா. கீழ எறங்கினா எல்லாரும் தெலுங்கு. மேல ஏறினா டிவி. என் பேரச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு கெடையாது."

நான் இருக்கும்வரை உங்களை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது என்று வசனம் பேசினேன்.

மே 22, வியாழன்

நடை: வெயில். உப்பு: குறைவு. தூக்கம்: உண்டு.

மதினியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். எனக்குத்தான் வந்துவிட்டது போலிருக்கிறது என்று டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லாருக்கும் நடப்பது, கண்ணாடி எதற்கு என்பது மறந்தால் வாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். தன் மறதியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்களைவிட, அதைப் பற்றி வாயே திறக்காமல் சமாளிக்கிறவர்களைத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டுமாம்.

போனை வைத்தேன். மாடியில் மதினி நடக்கிற சத்தம் கேட்டது. அடுக்களைவரை போகிறாள், திரும்புகிறாள், மறுபடி போகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாவது சுற்றுப் பரீட்சை. இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் அவரை நன்றாக அறிந்த ஒருவர் கூட வர வேண்டும். மதினிக்கு நான்.

டாக்டர் வார்த்தைகளை மாற்றிவிட்டார். விளக்கு, மாம்பழம், பேருந்து, சட்டை, மயில். வெளியே காலனி ஜனம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்களாம். ராசப்பா சார் மூன்று சொன்னார், அவர் மனைவி நான்கு. நானும் நான்கு, மாம்பழத்தை விட்டுவிட்டேன். அதாவது எல்லாரும் மனிதர்களைப் போல நடந்துகொண்டோம்.

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன ஐந்தையும் அப்போதே திருப்பிச் சொன்னாள், சுத்தமாக. எனக்கு மூச்சு வந்தது. கடிகாரம் வரைந்தாள். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு டாக்டர், முதலில் சொன்ன அந்த ஐந்து வார்த்தையையும் சொல்லுங்கம்மா என்றார்.

மதினி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். முதல் பெஞ்சுப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

"பூட்டு, கப்பல், முருங்கைக்காய், ஜமுக்காளம், கிளி."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். மதினியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: இந்த ஒரு வருஷத்தில் சமையலில், வழி தெரிவதில், பேச்சில் ஏதாவது மாற்றம் பார்த்தீர்களா?

எதிர்வீட்டுத் திரைச்சீலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவள் நான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். நல்லா இருக்காவ" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

நடை: இல்லை. உப்பு: தெரியவில்லை. தூக்கம்: இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

மதினி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா ஒங்கிட்ட என்னத்தக் கேட்டா?"

"உங்களப் பத்தி."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுஞ் சொல்லல மதினி."

மதினி கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்லல? ஊர்ல இருக்க எல்லாரப் பத்தியும் சொல்லுத. நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்?"

நீங்கள் ஓசூருக்குப் போய்விடக் கூடாதே என்று ஏதோ சொன்னேன்.

"அதுக்குத்தான நானும் காப்பி அடிச்சேன்" என்றாள் மதினி.

அப்புறம் அவளாகவே சொன்னாள். பொங்கலிலிருந்து தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு அந்த ஐந்தையும் சொல்லிப் பார்ப்பாளாம். ஆரம்பத்தில் இரண்டுக்கு மேல் வராது, அதனால்தான் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். சித்திரைக்குப் பிறகு ஐந்தும் வரத் தொடங்கியதாம். "அஞ்சும் வந்துட்டா அன்னைக்கு ஓசூர் இல்லன்னு எனக்கு ஒரு கணக்கு. எத்தனையோ பிள்ளையள காப்பி அடிக்கையில பிடிச்சிருக்கேன், பிரமு. பிடிச்சதும் அழும். ஆனா மூஞ்சில ஒரு நிம்மதியும் இருக்கும். அது ஏன்னு எனக்கு அப்பம் வெளங்கல."

அவரைக்காய் முழுவதையும் நறுக்கிவிட்டோம், நாலு வீட்டுக்கு ஆகும்.

ஜூலை 16, புதன்

மதினியும் நானும் டாக்டரிடம் போனோம். முதலில் கேள்வித்தாள் வெளியான கதையைச் சொன்னேன். டாக்டர் ஹெப்சிபா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஜனவரியில் எங்கள் காலனியின் ஞாபகசக்தியைப் பற்றிச் சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தாராம். அந்த மதிப்பெண்களை இனி எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இன்னும் பெரிய தப்பு, ஜனவரியிலேயே தெரிந்திருக்க வேண்டியது ஆறு மாசம் தள்ளிப்போய்விட்டது. அவர் அதைத் திட்டாமல் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பிறகு சொதி, ரசம், தெருமுனை, புதிர்ப் புத்தகம் எல்லாவற்றையும் சொன்னேன். மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தாள். ரசத்தில் உப்பு இரண்டு மடங்கு என்றதற்கு, "கடல் தண்ணின்னு என் தம்பிகிட்ட சொன்னியாம்லா, கூட்டிச் சொல்லாத" என்றாள். இவர் காதுக் கருவியால் எனக்குக் கிடைத்த லாபம் இவ்வளவுதான்.

பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருத்தியைப் பற்றி இவ்வளவு பேசியது எனக்குப் புதுசு. புறணி எவ்வளவு சுலபமான வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டர் முகம் தெளிந்தது. திரும்பத் திரும்பச் சொல்லி ஐந்து வார்த்தையைப் பிடித்து வைத்திருக்கிறாரே, அப்படிக் கற்றுக்கொள்ள இன்னும் முடிகிறது என்பது நல்ல செய்தி என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் தலை ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 27, ஞாயிறு

மதினி உடம்பில் பி-12 சத்து அடிமட்டத்தில் இருக்கிறதாம். அது குறைந்தாலும் மறதி வருமாம். தலைமுறை தலைமுறையாகச் சைவம். அத்தான் போன பிறகு பாலும் தயிரும்கூட அநேகமாகக் கிடையாது. கொதிப்பு வேறு, யாரும் பார்க்காமல், ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊசியும் மாத்திரையும் தொடங்கியாயிற்று.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் சரியாகலாம்மா. எல்லாமே இதனாலதான்னு சொல்ல மாட்டேன். ஸ்கேன்ல மூளை கொஞ்சம் சுருங்கின மாதிரியும் தெரியுது. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

இந்த ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து தடுப்பது என்றால் வாசலில் காவல் நிற்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாதுமைப் பருப்பு தின்றேன், நடந்தேன், உப்பைக் குறைத்தேன், எல்லாம் என் வாசலில். அடுத்த வாசலில் ஏதோ நுழைந்தபோது பார்த்துவிட்டு, பார்க்காததுபோல இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அபிராமி வந்தாள். மாடிப்படியில் ஏறும்போதே, "நீங்களும் சேந்து மறைச்சிட்டியளே அத்தை" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாவற்றையும் மதினியே மகளிடம் சொன்னாள், விட்டுப்போனதை நான் சேர்த்தேன். அபிராமி அழுதாள். பிறகு பெட்டி எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

"அபி, இரு" என்றாள் மதினி. "நான் அங்க வரமாட்டேன்னு சொல்லல. இங்க எனக்குக் கடைத்தெரு தெரியும், கோயில் தெரியும், இவ வாயி தெரியும். தெரிஞ்ச எடத்துல கொஞ்ச நாளு இருந்துக்கிடுதேன். எனக்கு முடியல்லன்னா பிரமு சொல்லுவா. இனிமே சொல்லுவா."

அபிராமி என்னைப் பார்த்தாள். ஒரு எழுத்தாளரை யாரும் அவ்வளவு சந்தேகமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டரிடமும் பேசினாள். தை மாதப் பரீட்சைவரை மதினி இங்கேதான். அதற்குப் பிறகு டாக்டர் சொல்வதைப் பொறுத்து. காஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைத்தாயிற்று. மதினி மதியச் சாப்பாடு எங்களோடு. ஞாயிறுதோறும் நான் அபிராமிக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், மதினி பக்கத்தில் இருக்கும்போதுதான். மதினி போட்ட நிபந்தனை அது.

செப்டம்பர் 7, ஞாயிறு

போன் போட்டேன். திங்கட்கிழமை மாத்திரை மறந்தது, புதன்கிழமை என்னை என் மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது (அவமானம் எனக்கு), நேற்று தெருமுனையில் அவளாகவே சரியான பக்கம் திரும்பியது, எல்லாம் சொன்னேன். மதினி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வைக்கப் போகிற நேரத்தில் போனை வாங்கினாள்.

"அபி, இவ ஒண்ண மறைக்கா. வியாழக்கிழமை சாம்பார அடுப்புல வச்சிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. அடிபிடிச்சு வீடெல்லாம் பொகை. நான்தான் எறங்கி வந்து அணைச்சேன்."

உண்மைதான். சட்டியை ஒளித்து வைத்திருந்தேன். மதினிக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மூன்று நாள் கழித்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

சாயங்காலம் சொதி வைக்கப் போகிறேன் என்றாள். நான் கூட நின்றேன், கை நீட்டவில்லை. இஞ்சிப் பச்சடியை அவளாகவே ஆரம்பித்தாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் விட்டு, சொல்லு என்றாள்.

நடை: மூன்று சுற்று, மதினியோடு. தூக்கம்: இனிமேல்தான்.

உப்பு: ஒரு கல் குறைவு. சொன்னேன்.